எழுமலைக்குப் போன வெற்றிலை

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. அரைப்பெடல் போட்ட முழங்கால் உங்களுக்கும் மழைக்காலத்தில் குடைகிறதா? எனக்குக் குடைகிறது. டாக்டர் வாதம் என்கிறார். படித்தவரிடம் வாய் கொடுப்பானேன் என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆனால் அந்த வலி எந்தச் சித்திரை மாதத்தில், எந்த ரோட்டில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து எழுமலை முப்பத்தைந்து மைல் சொச்சம். பன்னிரண்டு வயதில் அதை ஒரே பகலில் மிதித்தேன், ஒருமுறைகூட சீட்டில் உட்காராமல்.

வீம்புக்காக உட்காரவில்லை என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் கால் எட்டாது. அரைப்பெடல் தெரியாத சின்னப் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் இடது பக்கம் நின்றுகொண்டு, பாருக்குக் கீழே வலது காலை உள்ளே நுழைத்து, வண்டியை அந்தப் பக்கம் சாய்த்து, நாம் இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டு மிதிப்பது. பெடல் முழுச் சுற்றுச் சுற்றாது. பாதி மேலே, பாதி கீழே. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நமக்கு இடுப்பு கழன்றுவிடும்.

அது யுத்த காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெட்ரோல் கண்ணில் படாது. பஸ்களின் பின்னால் ஆளுயர உருளை ஒன்றை மாட்டி அதில் கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். உசிலம்பட்டி வழியாகப் போடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலும் நின்றுவிட்டது. தண்டவாளத்தையே பிடுங்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தக் கோடையில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. மாப்பிள்ளையும் மதுரையிலேயே உத்தியோகம் பார்ப்பவர், வேறு குடும்பம். அம்மா பிறந்தது எழுமலையில், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில். அங்கே அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே தம்பி. எனக்கு மாமா. அக்காவுக்கு முறைமாப்பிள்ளை. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது, அக்காவுக்குப் பதினேழு. தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, 'இவ அவனுக்குத்தான்' என்று ஊரே சொல்லி வைத்திருந்தது. அப்பா மட்டும் சொல்லவில்லை.

அம்மாவின் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைமாப்பிள்ளை இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால் முதல் வெற்றிலை அவனுக்கு. வீட்டு ஆள் ஒருவர் நேரில் போய்க் கையில் கொடுத்து, 'முன்ன நின்னு நடத்திக் குடு' என்று கேட்க வேண்டும். அவன் அதை வாங்கி மென்றால் சம்மதம். கேட்காவிட்டால் அவன் வரமாட்டான். அவன் வராமல் அந்தத் தாலி ஏறினால் அக்காள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் அத்தோடு போக்குவரத்து அற்றுப்போகும், நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை.

அப்பா காகிதத்தை நம்பும் மனிதர். பத்திரிகை அச்சடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, எழுமலைக்குத் தபாலில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார். மாமாவிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"மஞ்சள் தடவித்தான அனுப்புனேன்? வரணும்னா வர வேண்டியதுதான? பொண்ணு கெடைக்கலைன்னு முறுக்கிக்கிட்டு நிக்கிறான் ஒந்தம்பி" என்றார் அப்பா.

"கார்டு போட்டுக் கூப்புட அவன் என்ன கச்சேரி பியூனா? எம் பொறந்தவன் இல்லாம எம் பொண்ணு மணையில ஒக்காரணுமா?" என்று அம்மா அழுதாள். பந்தக்கால் நட்டாகிவிட்டது. அம்மா வீட்டை விட்டு நகர முடியாது. அப்பாவுக்கு லீவும் இல்லை, மனசும் இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். "தம்பி, நீ சைக்கிள்ல எம்புட்டு தூரம் போவ?"

"எம்புட்டு தூரமும் போவேன்."

"எழுமலை வரைக்கும்?"

அதுவரை நான் போன அதிகபட்சத் தூரம் தெப்பக்குளம், அதுவும் வாடகைச் சைக்கிளில். அப்பாவின் சைக்கிளோ சீமையிலிருந்து கப்பலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தேங்காயெண்ணெய் பூசுவார். மணியை அடித்துப் பார்க்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. ஆனாலும் போவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வயதில் வாய் அப்படித்தான் முந்திக்கொள்ளும்.

மறுநாள் விடியலில் அப்பா வைகைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா என்னை எழுப்பினாள். இருபது கொழுந்து வெற்றிலை, ஐந்து கொட்டைப்பாக்கு, ஒரு மஞ்சள். தன் பெட்டியிலிருந்து பச்சைச் சுங்கடித் தாவணி ஒன்றை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு முழம் கிழித்து, நனைத்து, அதில் மூட்டை கட்டினாள். சமையல்கட்டில் எத்தனையோ கந்தல் கிடக்க, நல்ல தாவணியை ஏன் கிழிக்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"வெத்தலை வாடக் கூடாது. வாடுன வெத்தலைய அவுக கையில குடுத்தா குடுக்காம இருந்ததே மேல்னு ஆயிரும். வழியில எங்க தண்ணி பாத்தாலும் நனைச்சுக்க. யாரு அனுப்புனான்னு கேட்டா அப்பான்னு சொல்லு" என்றாள். பிறகு குனிந்து டயரை அமுக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்த்தாள். அதை எங்கே கற்றாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மில் சங்கு ஊதும்போது நான் காளவாசலைத் தாண்டியிருந்தேன். அங்கேயே ஊர் முடிந்துவிட்டது. சரளைக் கல் ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். வலது கைப்பக்கம் நாகமலை தொடங்கியது. கோயில் மாடத்திலிருந்து தூரத்துக் கோடாகப் பார்த்திருந்த மலை அது. கிட்டத்தில் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மிதிக்க மிதிக்க அது முடியவில்லை. ஒரு மைல் கல், இரண்டு மைல் கல், ஐந்து மைல் கல், இன்னும் கூடவே வருகிறது. பாறையில் வெயில் ஏறி, சாம்பலாக இருந்தது சிவப்பாகி, பிறகு வெளுத்துப் போனது. உலகம் இவ்வளவு பெரிதா, இதை வைத்துக்கொண்டா நாம் மாசி வீதியில் கோலி விளையாடிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக நெஞ்சில் ஏறிய முதல் நாள் அது. சத்தியமாகச் சொல்கிறேன், பிறகு கப்பலிலும் போயிருக்கிறேன், அந்த மலையைப் பார்த்து வாய் பிளந்த மாதிரி வேறு எதையும் பார்த்துப் பிளக்கவில்லை.

செக்கானூரணிக்கு முன்னால் ரோட்டின் வலது ஓரத்தில் கல் உடைக்கும் பெண்கள், ஓலைத் தட்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தொங்கிக்கொண்டிருந்தது சைக்கிளுக்கு இடது பக்கம். அவர்களுக்கு என் தலையும் தெரிந்திருக்காது. "அடியே, இங்க பாருங்கடி! ஆளில்லாம சைக்கிளு போகுது!" என்று ஒருத்தி கத்தினாள். அத்தனை சுத்தியலும் நின்றன. நான் பாருக்கு மேலே தலையை நீட்டினேன். அவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த புளியமரம்வரை என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அதற்கப்புறம் சிரிப்பு இல்லை, வெயில்தான். ரோட்டின் கோடியில் கானல் குளம் போலத் தெரியும். கிட்டே போனால் விலகிக்கொள்ளும். மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன், துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கருமாத்தூரைத் தாண்டி ஒரு கிணற்றில் கமலை ஓடும் சத்தம் கேட்டது. மாடுகள் சரிவில் இறங்க, தோல் பறி நிறைய நீர் மேலே வந்து வாய்க்காலில் விழுந்தது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலில் வாயை வைக்க ஓடினேன்.

கமலை ஓட்டியவர் ஒரு சத்தம் போட்டார். "நில்லுடா! கொதிக்கிற ஒடம்போட குடிச்சா சுருண்டு விழுந்துருவ. எங்க போற?"

"எழுமலைக்கு."

"இதுலயா? தொங்கிக்கிட்டேவா?" அவர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். "அது என்னடா?"

"வெத்தலை. எங்க மாமாவுக்கு. அக்கா கல்யாணம்."

அவர் மாடுகளை நிறுத்திவிட்டார். யார் கல்யாணம், யார் மாமா, எதற்குப் பையன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஆள், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "வெத்தலைய முதல்ல நனை. ஒன்னைய அப்பறம் நனைக்கலாம்" என்று மூட்டையை வாங்கி, தண்ணீரில் முக்கி, பிழியாமல் வாழையிலைச் சருகில் சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு இரண்டு கை கூழ் ஊற்றினார். "உசிலம்பட்டி தாண்டுனா தண்ணி கொறவு. சருக விட்றாத" என்றார். முகம் மறந்துவிட்டது. ஈரத்தில் சுருங்கியிருந்த அந்தக் கை மட்டும் நினைவில் இருக்கிறது.

வழி நெடுக ரயில் போன கரை ரோட்டோடு வந்தது. தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை, வெறும் ஜல்லி. அதன் மேல் ஆடு மேய்ந்தது. ஒரு ரயிலையே காணாமல் அடிக்க முடியும் என்றால் யுத்தம் என்பது எத்தனை பெரிய சமாசாரம் என்று திகைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

உசிலம்பட்டியில் தெற்கே திரும்பி மூன்று மைல் போயிருப்பேன். மணலில் சக்கரம் புதைந்து ஒரு உதறு உதறியதும் செயின் கழன்றது. அப்பா மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எண்ணெய் விட்ட செயின். இரண்டு கையாலும் இழுத்து மாட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. மாட்டிய சந்தோஷத்தில், வெற்றிலை எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று மூட்டையை அவிழ்த்தேன்.

பதினெட்டு வெற்றிலை கறுத்து, ஓரம் சுருண்டு, தொட்டால் ஒடிந்தது. நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருந்த இரண்டு மட்டும் பச்சையாக இருந்தன. அவற்றைப் பதறிப்போய் எடுத்தேன், கையைத் துடைக்காமல். இரண்டின் மேலும் என் கட்டைவிரல் கன்னங்கரேலென்று பதிந்துவிட்டது. சட்டையில் துடைத்தேன், தீற்றல் இன்னும் பரவியது. எச்சில் தொட்டுத் துடைக்கப் போய், எச்சில் பட்டதைக் கொடுக்கக் கூடாதே என்று நிறுத்தினேன். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கேட்க ஆள் இல்லை. சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடந்தது, காக்கை கூட இல்லை. திரும்பிப் போனால் இருபத்தேழு மைல், முன்னால் போனால் எட்டு. முன்னால் போனேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை, கணக்குதான்.

பிறகுதான் மலைகள் எழுந்தன. ஏழு மலை இருக்கும், எண்ணிப் பார்த்துக்கொள் என்று அம்மா சின்ன வயதில் சொல்லியிருந்தாள். எண்ணினேன், ஐந்து. இன்னும் கொஞ்சம் மிதித்து எண்ணினேன், ஒன்பது. ஒன்றின் தோளுக்குப் பின்னால் இன்னொன்று நீலமாக எழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் வானத்தை இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தள்ளியது. அழுத கண்ணோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிதித்தேன். எத்தனை தடவை எண்ணியும் ஏழு வரவில்லை.

மாமாவின் வீட்டு முற்றத்தில் பொழுது சாயும் நேரத்தில் போய் விழுந்தேன். கண்ணில் முதலில் பட்டது ஒரு கூண்டு வண்டி. அச்சுக்கு மசகு போட்டிருந்தது. உள்ளே இரண்டு நெல் மூட்டை, ஒரு வாழைத்தார், வெள்ளைத் துணி போட்டு மூடிய சீர்த் தட்டுகள். பக்கத்தில் கொம்புக்கு எண்ணெய் தடவிய இரண்டு காளைகள் வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. மூன்று நாளாக அந்த வண்டி அப்படியே நிற்கிறது என்று பிறகு தெரிந்தது. வாழைத்தாரில் பாதி பழுத்துவிட்டிருந்தது. அப்பா அனுப்பிய பத்திரிகை கதவு நிலையில் ஆணியில் தொங்கியது. முறுக்கிக்கொண்டு நிற்பதாக நாங்கள் நினைத்திருந்த மனிதர், புறப்பட்டு உட்கார்ந்து ஒரு வெற்றிலைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மாமா ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார். "மருமகனே! கூட யாருடா?"

"யாருமில்ல மாமா."

"மருதையிலேர்ந்தா? தனியாவா?" அவர் சைக்கிளைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார். "யாருடா அனுப்புனது?"

"அப்பா."

"ஒங்கப்பா இந்த மணியக்கூட யாரையும் தொட விடமாட்டாரேடா."

நான் மூட்டையை நீட்டினேன். அவர் அதை அவிழ்க்கவில்லை. துணியைக் கட்டைவிரலால் தடவினார், அந்தச் சுங்கடிப் புள்ளிகள் மேல், மெதுவாக. அக்கா பெரிய மனுஷி ஆனபோது சடங்குச் சீருக்கு மாமா தலையில் சுமந்து வந்த தட்டில் இருந்த தாவணி அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மாமாவுக்குத் தொட்டதும் தெரிந்திருக்கிறது.

"சரி. அப்பாதான் அனுப்புனாரு" என்றார்.

தொட்டியில் கால் கழுவி, துண்டைத் தோளில் போட்டு, கிழக்கே பார்த்து நின்றார். ஒரு பன்னிரண்டு வயதுப் பயலுக்கு முன்னால், சம்பந்திக்கு முன்னால் நிற்பது போல நின்றார். "இப்பக் குடு."

மூட்டையை அவிழ்த்து இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தேன். இரண்டே வெற்றிலை. அதில் என் கறுப்பு விரல். "அக்கா கல்யாணத்த முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும் மாமா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "வாடிப்போச்சு மாமா. செயின் எண்ணெ பட்டுருச்சு மாமா."

மாமா வாங்கவில்லை. கை நீளவில்லை. காளையின் கழுத்து மணி இரண்டு தடவை அசைந்தது. அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்தாறு வயதுதான் என்பது இந்த எழுபது வயதில்தான் எனக்கு உறைக்கிறது. என் கடைசி மகனைவிடச் சின்னவர். அன்று எனக்கு அவர் மலையைப் போலத் தெரிந்தார்.

பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். துடைக்கவில்லை. கிள்ளிக்கூட எறியவில்லை. சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து மடித்து, அந்தக் கறுப்போடு வாயில் போட்டு மென்றார். மென்று முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தாண்டா இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே வண்டி கட்டினோம். சைக்கிளைக் கூண்டின் மேல் வைத்துக் கட்டினார். நான் நெல் மூட்டை மேல் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது நல்ல வெயில், நாகமலை மறுபடியும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு வாடகைச் சைக்கிள் வேகமாக வந்தது. கச்சேரிக் கோட்டும் தலைப்பாகையுமாக அப்பா. முகமெல்லாம் புழுதி. நான் ராத்திரி திரும்பாததால் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. கூண்டுக்கு மேலே கட்டிக் கிடந்த தன் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் உதடு நடுங்கியதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாமா வண்டியை நிறுத்தி இறங்கினார். "மச்சான், நீங்க பையங்கிட்டக் குடுத்தனுப்புன வெத்தலை வந்து சேந்துச்சு. வாங்கிக்கிட்டேன்."

அப்பா பொய் சொல்லமாட்டார். வீட்டிலும் கச்சேரியிலும் அதுதான் அவருக்குப் பெருமை. என் கறுத்த கைகளைப் பார்த்தார். "ஆமா மாப்ள. நாந்தான் அனுப்புனேன்" என்றார். பிறகு தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நானே வந்திருக்கணும்" என்றார்.

அதற்குமேல் அந்த இரண்டு பேரும் அதைப் பற்றி ஆயுசுக்கும் பேசியதில்லை. அப்பா கூண்டின் மேலிருந்து சைக்கிளை இறக்கி, செயினைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ இதுல வா. வண்டிக்கு முன்னால போ" என்றார். அடிக்கக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் வாடகைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். வெளியூர் போன ராசா திரும்புவது மாதிரி, அரைப்பெடலில் தொங்கிக்கொண்டு, சீர் வண்டிக்கு முன்னால் மதுரைக்குள் போனேன். காளவாசல் தாண்டியதும் கோபுரங்கள் நான்கும் தெரிந்தன. மணியை அடித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் நாலு தடவை அடித்தேன்.

வாசலில் அம்மா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றிருந்தாள். மாமா அவளைப் பார்க்காமல் சீர்த் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் என்னைத் தன் பக்கம் இழுத்து, மெல்லக் கேட்டாள்: "வெத்தலை வாடலையே?"

"ரெண்டு வாடல. அத மென்னுட்டாரு."

"அந்தத் துணி எங்க?"

"மாமா வச்சுக்கிட்டாரு. திருப்பித் தரல."

கேட்டு வாங்கி வரவில்லையே என்று திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. என் கையை எடுத்து விரித்து, அந்தக் கறுப்பைத் தன் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். கறுப்பு போய்விட்டது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.